முதல் வரிசைக் கதிரை

"உவன் எந்தக் காலத்திலையும் பொம்பிளை வேசத்துக்கு உதவமாட்டான்!" என்று சொல்லிவிட்டு முத்துக்குமாரு வெற்றிலைச் சாற்றை முற்றத்தில் துப்பினார். முந்தின இரவு பார்த்த நாடகத்தையும் அதோடு சேர்த்தே துப்பியது போல இருந்தது அவர் முகம்.

நாடகக் கொம்பனி முதலாளி கிறகோரி விறாந்தை ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அந்த நடிகன், தொளதொளத்த கோட்டும் தலையில் இறுக்கிக் கட்டிய சால்வையுமாக, குனிந்த தலை நிமிராமல் நின்றான். மீசைகூட அரும்பாத முகம். கோட்டின் மார்புப் பக்கம் நனைந்து கிடந்தது. விடிந்ததும் விடியாததுமாக இப்படி வியர்த்து வழிகிறவனைப் பார்க்கவே முத்துக்குமாருவுக்கு அருவருப்பாக இருந்தது.

சாவகச்சேரியில் எந்தக் கொட்டகை எழும்பினாலும் முதல் ரிக்கற் முத்துக்குமாருவுக்குத்தான். முதல் வரிசை, நடுக்கதிரை. மறுநாள் சந்தையில் நாலு பேர் சூழ நின்று அவர் "பறவாயில்லை" என்றால் கொட்டகை நிரம்பும். உதட்டைப் பிதுக்கினால் அந்த வாரமே கொட்டகைக் கிடுகைக் கழற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். அது தெரிந்துதான் கிறகோரி சந்தை கூடுவதற்கு முன்னமே வண்டி கட்டிக்கொண்டு ஓடிவந்திருந்தார்.

"அண்ணை, எங்கடை தியாகலிங்கம் காய்ச்சலிலை விழுந்திட்டான். இது அவன்ரை வீட்டு ஆள்தான். எல்லாப் பாட்டும் பாடம். இன்னும் ரண்டு ஆட்டம் நீங்கள் வாய் திறவாமல் இருந்தால் காணும். இல்லாட்டில் நாங்கள் பதினாறு குடும்பமும் நடுத்தெருவிலை."

"தியாகலிங்கத்தின்ரை பேரை உவனோடை சேத்துக் கதையாதையும்!" முத்துக்குமாரு சீறினார். "ராணி பிள்ளையைப் பறிகுடுத்திட்டு அழுகிறாள். தியாகலிங்கமெண்டால் எப்பிடி அழுவான்? இடக்கையைக் கன்னத்திலை வைச்சு, கழுத்தைச் சரிச்சு, ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர். உவன் என்ன செய்தவன்? மூக்கு ஒழுக ஒழுக அழுதான். பிறகு முந்தானையாலை மூக்கைத் துடைச்சான். சீ! எனக்குக் குமட்டிக்கொண்டு வந்திட்டுது."

"முதல் தரம் மேடையேறினது, அண்ணை..."

"அதோடை விட்டானே? உள்ளுக்கை ஆரின்ரையோ குழந்தை கத்தினதெண்டு பாட்டைப் பாதியிலை விட்டிட்டு ஓடினான். ஒரு ராணி அப்பிடி ஓடுவாளோ? சபை முழுக்கச் சிரிச்சுது."

'பெண்களை மேடையேற்றாத கண்ணியமான கொம்பனி' என்று நோட்டீசில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் ஊரார் கொட்டகை போடக் காணி கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்ட கொம்பனி ஓர் ஆணையாவது ஒழுங்காகப் பெண்ணாக்கிக் காட்ட வேண்டாமா என்று முத்துக்குமாருவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மனைவி நல்லம்மா கோப்பி கொண்டு வந்தாள். அடுப்படிப் புகையில் ஒழுகிய கண்ணையும் மூக்கையும் முந்தானையால் துடைத்துக்கொண்டே பேணிகளை வைத்தாள். அவளை அவர் ஒருநாளும் நாடகத்துக்குக் கூட்டிப்போனதில்லை. அந்த நுணுக்கமெல்லாம் பெண்களுக்கு விளங்காது என்பது அவர் கட்சி. கோப்பியை வைத்தவள் நடிகனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் கதவு நிலையோடு நின்றுகொண்டாள்.

முத்துக்குமாரு மடியிலிருந்து இரண்டு ரிக்கற்றை எடுத்துக் கிறகோரியின் முன்னால் போட்டார். "இந்தாரும், மிச்ச ரண்டு ஆட்டமும் எனக்கு வேண்டாம். இண்டைக்குச் சந்தையிலை சொல்லத்தான் போறன்."

கிறகோரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் முத்துக்குமாருவுக்குக் கொஞ்சம் இளகியது. "சரி, எடேய் பொடியா, ஒருக்கா நடந்து காட்டு பாப்பம்" என்றார்.

நடிகன் விறாந்தையில் நடந்தான். நெளிவில்லை, குழைவில்லை. வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கிற ஆளைப்போல நேராக நடந்துபோய் நேராகத் திரும்பி வந்தான்.

"உது பொம்பிளை நடையே?" முத்துக்குமாரு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "இருபத்திரண்டு வருசமா முதல் வரிசையிலை இருந்து பாத்தவன் நான். இஞ்சை பார்!"

தோளில் கிடந்த துவாயை முந்தானையாகப் போட்டார். ஒரு கையை இடுப்பில் வைத்தார். மறு கையின் சுண்டுவிரலைத் தூக்கினார். கண்ணை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, அடிமேல் அடி வைத்து விறாந்தையின் அந்தத் தொங்கலுக்கு நடந்தார். அவருடைய தொந்தி ஒரு பக்கமும் இடுப்பு மறுபக்கமுமாக ஆடின.

அப்போது படலையடியில் நின்ற வண்டிக்குள், ஏணைத் தொட்டிலில் கிடந்த குழந்தையொன்று வீரிட்டு அழுதது. நடிகன் விழுந்தடித்து அந்தப் பக்கம் ஓடப்போனான்.

"நில்லடா! ராத்திரியும் இதே வேலை, இப்பவும் இதே வேலை!" முத்துக்குமாரு வளைந்த இடுப்பை நிமிர்த்தாமலே கத்தினார்.

நல்லம்மா அவரைத் தாண்டி முற்றத்தில் இறங்கினாள். வண்டிக்குள் கிடந்த குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள், நடிகனின் கையைப் பிடித்தாள்.

கட்டின புருசனுக்கு முன்னால் அந்நிய ஆம்பிளையின் கையைப் பிடிக்கிறாள்! முத்துக்குமாருவின் துவாய் நழுவிக் கீழே விழுந்தது. "எடியே, உனக்கென்ன விசரே?"

நல்லம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"நீ உள்ளுக்கு வா, பிள்ளை. குழந்தைக்கு முதல்லை பாலைக் குடு. பொம்பிளையள் எப்பிடி நடக்கிறதெண்டு உவர் ஆற அமரக் காட்டுவார்."