கோப்பையில் பனி

வடதுருவத்தை ஒட்டிய அந்தக் குறுகிய கடல்கழிக்குள் சுற்றுலாக் கப்பல் நின்றது. இருபுறமும் கறுத்த மலைகள். எதிரே, கடலைத் தொட்டு நிற்கும் பனியாற்றின் சுவர். மிதந்துவந்த பனிப்பாளமொன்றை வலைபோட்டுத் தூக்கிய வழிகாட்டி, அதை உடைத்து எல்லோர் கோப்பையிலும் போட்டான். ஆயிரமாயிரம் வருஷத்துப் பனி என்று, ஏதோ தானே உறையவைத்ததுபோலப் பீற்றிக்கொண்டான். திலகவதியின் பழச்சாற்றில் அது சடசடவென்று வெடித்தது.

“உள்ள அடைபட்டிருந்த அந்தக் காலத்துக் காத்து வெளிய வருதாம்,” என்றார் கணவர் நல்லசிவம். “மோந்து பாரு.”

அவள் கோப்பையை உள்ளங்கையால் இறுக மூடினாள். “இதையும் நாமதான் மோந்து தீக்கணுமா? வெக்கமா இல்ல?”

அப்போது பனிச்சுவரின் ஒரு பக்கம் இடிந்து கடலில் விழுந்தது. கப்பலே ஆரவாரித்தது.

“இதக் கொஞ்சம் பிடி,” என்று நல்லசிவம் தன் கோப்பையையும் அவளிடம் நீட்டினார். அவருக்குக் கைதட்ட வேண்டியிருந்தது.