பூட்டு முட்டி

போர்வெல் லாரியில் குழாய் சரிந்து ஒரு காலை இழந்த செங்கோட்டுவேலுக்கு, செயற்கைக்கால் பொருத்துமிடத்தில் இரண்டு முட்டிகளை மாற்றி மாற்றி மாட்டி நடக்கவிட்டார்கள். ஒன்று விறைப்பாகப் பூட்டிக்கொள்ளும். உட்காரும்போது பக்கத்திலுள்ள விசையை அழுத்தினால்தான் மடங்கும். மற்றது நடக்க நடக்கத் தானாகவே மடங்கி நீளும். அந்த இரண்டாவதைப் போட்டதும் அவன் கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு ஜன்னல்வரை போய், வெளியே ரோட்டைப் பார்த்துச் சிரித்தான். லாரியேறி, மாசக்கணக்கில் வீடு திரும்பாத வேலைக்கு வடக்கே கிளம்பும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. அவன் மனைவி பாவாயி அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எது வேணும்னு சொல்லுங்க," என்றார் பொருத்துகிறவர்.

"எங்கூட்டுக்காரி சொல்லட்டுங்க."

"பூட்டறதே இருக்கட்டுங்க. அதுன்னா உழுகாம இருப்பாரு," என்றாள் பாவாயி. அவன் விழுவதைப் பற்றி அவள் அப்போது நினைக்கவே இல்லை.

இப்போது அவன் வீட்டிலேயே இருக்கிறான். தினமும் இரண்டு பேருக்கு உலை வைக்கிறாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து, குனிந்து விசையை அழுத்திவிடுவாள். "நானே அழுத்திக்குவேன், உடு" என்று அவன் சொன்னாலும் கேட்பதில்லை.

நேற்று அப்படிக் குனிந்திருந்தபோது அவன் சாதாரணமாகத்தான் கேட்டான்.

"ஏம்புள்ள, அன்னைக்கு அந்த இன்னொரு முட்டியில நான் ஒருக்காக்கூடத் தடுமாறலயே?"

விசைமேல் வைத்த விரலை அவளால் அழுத்த முடியவில்லை. கால் மடங்காமல், வாசலைப் பார்த்தபடி நீண்டு கிடந்தது.