மருமகளுக்கு முடி கொட்டுகிறது

"இவளுக்குத்தான்மா முடி கொட்டுது. எனக்கில்ல!"

அழகு நிலையத்துக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக டீச்சர் அறிவித்துவிட்டார். பின்னால் வந்த மருமகள் நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைக்கார அக்கா மருமகளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், மறுபடியும் மருமகளைப் பார்த்தாள். "அப்படியா?" என்றாள்.

"ஆமாக்கா. கொத்துக் கொத்தாக் கொட்டுது. சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துருச்சு," என்றாள் மருமகள்.

"பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டையே அடைச்சுக்குது," என்று டீச்சர் எடுத்துக் கொடுத்தார். "தலையணைய உதறினா, கேக்கவே வேணாம்."

சொன்னது அத்தனையும் சத்தியம். ஆள் மட்டும்தான் மாறியிருந்தது. கொட்டுவது டீச்சரின் முடி.

ஒற்றையடிப் பாதையாக இருந்த வகிடு, சில மாதங்களில் வண்டி போகிற சாலையாக அகன்றுவிட்டது. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பவே டீச்சருக்குப் பயம். உச்சந்தலை பளபளப்பதைக் கடைசி பெஞ்சு பார்த்துவிட்டால் தீர்ந்தது கதை. பட்டப்பெயர் வைப்பதில் அவருடைய மாணவர்கள் படுகெட்டிக்காரர்கள். ஒரு தடவை வைத்துவிட்டால் ஓய்வு பெற்ற பிறகும் அது விடாது. அதனால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நின்று, கோணல்மாணலாக எழுதிச் சமாளித்துவந்தார். விடுமுறை முடிந்து நாளைக்குப் பள்ளி திறக்கிறது.

வீட்டில் அவருக்கு அந்தக் கவலை இல்லை. ஒருநாள் எல்லோரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மகன் தன் தட்டிலிருந்து நீளமாக ஒன்றை இழுத்தான். டீச்சர் முந்திக்கொண்டார். "முடிய அள்ளி முடிஞ்சுக்கிட்டு சமைக்கக் கூடாதாம்மா?"

மருமகள் ஒரு விநாடி விழித்தாள். பிறகு, "சாரி அத்தை, என்னுதுதான்," என்றுவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் எந்த மூலையில் முடி கிடைத்தாலும் பழி அவள் தலையில் விழுந்தது. 'அவளுக்குத்தான் அவ்வளவு அடர்த்தியா இருக்கே, நாலு கொட்டினா என்ன?' என்று டீச்சர் தன் மனசாட்சியைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தார். கல்யாணமாகி ஏழெட்டு மாதம்கூட ஆகாத பெண், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. போதாததற்கு இன்று காலை, "எனக்குத் தெரிஞ்ச அக்கா கடை ஒண்ணு இருக்கு, துணைக்கு வாங்க அத்தை," என்று அவளே கூப்பிட்டாள். டீச்சருக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

"ஒண்ணு கேக்கறேன்," என்று டீச்சர் இப்போது நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இவளுக்கு ஒரு ஐம்பத்தஞ்சு வயசுன்னு வச்சுக்குங்க. அப்ப என்ன பண்ணணும்?"

"இவங்களுக்கு இருபத்தாறுதானேம்மா?"

"நாளைக்கு ஆகாதா? முன்கூட்டியே கேட்டு வச்சுக்கறதுல என்ன தப்பு?"

அக்காவுக்கு ஏனோ இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். "அந்த வயசுல கொட்டுறது சகஜம்தாம்மா. மொதல்ல ஒரு டாக்டரப் பாத்து ரத்த டெஸ்ட் பண்ணிக்கணும். இறுக்கிப் பின்னக் கூடாது. நடு வகிட விட்டுட்டு ஓரமா எடுத்து, தோள் வரைக்கும் வெட்டிவிட்டா அடர்த்தியாத் தெரியும். உச்சியில கறுப்புப் பவுடர் லேசாத் தட்டினா ஒருத்தருக்கும் தெரியாது."

"அதையே இவளுக்குப் பண்ணிடுங்க!"

"ஐயோ, தனியாப் பண்ணிக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு அத்தை," என்று மருமகள் நெளிந்தாள். "எனக்காக நீங்க மொதல்ல பண்ணிக்குங்களேன்."

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாயிற்று.

கத்தரிக்கோல் பேசியது. சீப்பு வகிட்டை இடம் மாற்றியது. பவுடர் தூவி முடித்து, தலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள் அக்கா. டீச்சர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். உச்சந்தலையைக் காணவே காணோம்! நாளைக்கு ஜம்மென்று முதுகைக் காட்டிக்கொண்டு பலகை முழுக்க எழுதலாம். சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கூடவே தூங்கிக்கொண்டிருந்த மனசாட்சியும் லேசாகக் கண் விழித்தது. "நீ வந்து உக்காரும்மா," என்று மருமகளின் கையைப் பிடித்து இழுத்தார். "உனக்காகத்தானே வந்தோம். நல்லாப் பாத்துப் பண்ணிவிடுங்க, பாவம், ரொம்பக் கொட்டுது."

"பயந்துடாதீங்க அத்தை," என்று சொல்லிவிட்டு மருமகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். காதுகளுக்குப் பின்னாலிருந்த கிளிப்புகளைக் கழற்றினாள். தலைமுடி மொத்தத்தையும் அப்படியே தூக்கி அக்காவின் கையில் கொடுத்தாள். உள்ளே ஒட்ட வெட்டிய தலை. அங்கங்கே மண்டை தெரிந்தது.

"வழக்கம்போல அலசிக் குடுத்துடுங்கக்கா," என்றவள், வாயைப் பிளந்து நின்ற மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். "இது நைலான் அத்தை, ஒண்ணுகூடக் கொட்டாது. கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க பையன்கிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கு மேசைக்கு அடியில என் கால மிதிச்சு, என்னுதுன்னு சொல்ல வச்சதே அவர்தான்!"