தட்டில் வளர்ந்த கிருமி

ரத்தக் கழிச்சலில் செத்த ஏழு கோழிகளைப் புதைத்த கையோடு, அமராவதி திருமயம் மாட்டாஸ்பத்திரிக்குள் ஆங்காரமாக நுழைந்தாள்.

"பரிசோதிக்கன்னு வாங்குன எச்சத்தைத் தட்டுல வச்சுக் கிருமி வளக்குறீங்களாமே டாக்டரே! ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமிருக்கா?"

"வளத்தாத்தான் எந்தக் கிருமின்னு தெரியும், ஆத்தா. புது எச்சத்துல அது வெறும் முட்டை மாதிரி, கோழி தின்னாலும் ஒண்ணும் பண்ணாது. ரெண்டு நாள் கிடந்து முத்துனாத்தான் கொல்லும்."

"அதை முத்த வைக்கத்தான் சர்க்கார் சம்பளமா? எனக்கு மிச்சம் அஞ்சே கோழி! அப்படி என்னத்தை ஊட்டி வளக்குறீங்க?"

"ஒண்ணும் ஊட்டலை, ஆத்தா. காஞ்சா செத்துரும். அதான் தண்ணி தெளிச்சு ஈரமாவே வச்சிருக்கேன்."

அமராவதி தன் கையைக் குனிந்து பார்த்தாள். சித்திரை வெயிலில் கோழிகள் வாடக்கூடாதென்று கூட்டுத் தரையில் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தது அவள் கைதான்.