வீட்டுப்பாடத்துக்கு ஒரு பேட்டி

மனச்சாட்சி உள்ளோரே, வந்து பாருங்கள்! தையற்கூடத்தின் பின்கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே பெண்களை வேலை வாங்கும் மேலாளரைப் பாருங்கள்!

"மொழி வகுப்புல வீடியோ எடுத்துட்டு வரச் சொன்னாங்க, சார். நீங்க பேசுறீங்களா?" என்று வேற்று மொழி பேசும் ஊரிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த தையற்காரி செல்பேசியை உயர்த்தினாள்.

"கிழவியாகுற வயசுல பள்ளிக்கூடமா? சரி, என் மூஞ்சி அழகா விழட்டும்."

"இந்தக் கதவு எதுக்கு, சார்?"

"ஆபத்துன்னா ஓடுறதுக்கு. தொறந்து வெச்சா நீங்க அரட்டைக்குத்தானே ஓடுவீங்க? பத்து வருஷமாப் பூட்டித்தான் இருக்கு. சாவி என் பையில!"

"வகுப்புல எல்லாரும் பாப்பாங்களே, சார்?"

"பாக்கட்டும். அந்த அரைகுறைங்களுக்கு என்ன புரியப்போகுது!"

வகுப்பில் வீடியோ ஓடியது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவள் பிழையின்றித் திரையின் அடியில் எழுதியிருந்தாள்.

"முழு மதிப்பெண், அக்கா!" என்றார் ஆசிரியை.

"மதிப்பெண் வேணாம், டீச்சர். இதை நீதிமன்றத்துக்கு அனுப்பணும். போன வருஷம் அங்க பிடிச்ச தீயில அந்தக் கதவைத் தட்டித் தட்டியே செத்தவ என் தங்கச்சி. கதவு தொறந்தே இருந்துச்சுன்னு விசாரணையில இவன் சத்தியம் பண்ணினான். மறுத்துப் பேச அன்னிக்கு எனக்கு இந்த மொழி தெரியல."

தோழர்களே, நாளை உங்கள் வேலையிடத்துப் பின்கதவைத் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லையென்றால் உடைத்தெறியுங்கள்!