பத்து லிட்டர் சிறுவாணி

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் டீக்கடைக்காரர் வெள்ளைத்துரை நீட்டிய தம்ளரை வாங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

துப்பினேன்.

“என்னண்ணே, தண்ணிதான குடுத்தேன். வெசத்தையா குடுத்தேன்?”

“இதத் தண்ணின்னு சொல்ல எங்க ஊர்ல கூசுவாங்க.”

“எந்தூரு ஒங்களுக்கு?”

“கோயம்புத்தூர். வடவள்ளி.”

“பேச்சு நம்ம பக்கமால்ல இருக்கு” என்றார். நான் பேருந்து வரும் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோவைப் பேருந்து இன்னும் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதில் என் மாமனார் ஒரு பத்து லிட்டர் கேனில் சிறுவாணித் தண்ணீர் கொடுத்துவிடுவார். போன முறை வரவில்லை. மூட்டுவலி, கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வர முடியவில்லை என்றார். இன்றும் வராவிட்டால் இனி வராது.

அதுவரை இந்த ஊரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

எதிர்ச் சுவரில் ஒரு காதுகுத்துக்கு முப்பதடி பேனர். குழந்தையின் முகம் தபால்தலை அளவு. தாய்மாமன்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் கறுப்புக் கண்ணாடி.

காலை எட்டு மணிக்கே வெயில் பின்கழுத்தைப் பிடிக்கிறது. வடவள்ளியில் இந்நேரம் மருதமலைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருக்கும்.

இங்கே இட்லிக்கு நான்கு சட்னி வைக்கிறார்கள். ஒன்றை உருப்படியாக அரைக்கத் தெரியாதவர்கள்தான் நான்கு அரைப்பார்கள்.

அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்து, மேலே நெய் விட்ட ஒரு சாப்பாடு உண்டு. இந்த ஊரில் அதைக் கேட்டால், காய்ச்சலா என்கிறார்கள்.

வழி கேட்டால் ‘அங்கிட்டுப் போ’ என்று கையை வீசுவார்கள். ஒரு ‘ங்க’ சேர்த்தால் வாய் தேய்ந்துவிடும்.

வரிசை மாறாமல் எனக்கு எல்லாம் மனப்பாடம்.

பேருந்து வந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்து கேனை எடுத்து இறக்கினார். மூடிக்கு மேல் பழைய வேட்டித்துணி கட்டியிருந்தது. மாமனாரின் முடிச்சு.

“உங்க மாமா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. இன்னும் அனுப்போணுங்களான்னு.”

நான் பதில் சொல்வதற்குள் வெள்ளைத்துரை தம்ளரோடு வந்துவிட்டார்.

“அப்படி என்னத்தண்ணே இருக்கு அதுல? ஒரு வாய் ஊத்துங்க, பாப்போம்.”

முடிச்சை அவிழ்த்து ஊற்றினேன். பாதியைக் குடித்தார். நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்.

“தண்ணி மாதிரித்தான் இருக்கு.”

மிச்சத்தோடு தம்ளரை என்னிடமே நீட்டினார். ஓட்டுநர் பதிலுக்கு நின்றுகொண்டிருந்தார்.

நான் பிறந்தது வில்லாபுரம். படித்ததும் வேலை பார்ப்பதும் இந்த ஊர்தான். வடவள்ளியில் மொத்தம் ஆறு நாள் தங்கியிருக்கிறேன். கல்யாணத்துக்கு நான்கு நாள். பேரூர் ஆற்றில் சரண்யாவின் சாம்பலைக் கரைக்க இரண்டு நாள்.

கல்யாணமாகி வந்த அன்று எங்கள் வீட்டுத் தண்ணீரை அவள் இப்படித்தான் துப்பினாள். அப்புறம் மூன்று வருடம் வெயில், சட்னி, பேனர், ‘அங்கிட்டு’. ஒரு நாள் விடாமல் திட்டினாள். ஒரு நாள் விடாமல் நான் மதுரைக்காகச் சண்டை போட்டேன்.

பதினான்கு மாதமாக வீட்டில் இந்த ஊரைத் திட்ட ஆளில்லை.

தம்ளரில் இருந்ததைக் குடித்தேன். வெள்ளைத்துரை சொன்னது சரி. எனக்கும் ஒருநாளும் வித்தியாசம் தெரிந்ததில்லை.

“அனுப்பச் சொல்லுங்க” என்றேன் ஓட்டுநரிடம். “இந்த ஊர்த் தண்ணிய மனுசன் குடிப்பானான்னு கேட்டேன்னு சொல்லுங்க.”