மூங்கில் துப்பாக்கியில் முன்னிடம்

விளையாட்டு மூங்கில் துப்பாக்கியின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு பச்சைக் காய் உட்கார்ந்திருந்தது. வேடிக்கை பார்க்க அதுதான் வாகான இடம். பின்னாலிருந்து இன்னொரு காயைக் குச்சி தள்ளிக்கொண்டு வந்தது. நடுவே காற்று மாட்டிக்கொண்டது.

“ஏன்டா தள்ளுற?” என்று கத்தியது முன்காய்.

“நான் உங்களைத் தொடவே இல்லையே அண்ணே! நடுவுல ஒரு சாண் இடம் கிடக்கு.”

“அப்ப என் முதுகை முட்டுறது யாரு, உன் மாமனா?”

“நான்தான்யா!” என்றது காற்று. யார் காதில் வாங்கினார்கள்?

டப்! முன்காய் பறந்து ஓர் எருமையின் மூக்கில் பட்டது. எருமை போட்ட தும்மலில் பக்கத்து ஊர்க் கூரையெல்லாம் பறந்துவிட்டது.

பின்காய் நகர்ந்து வந்து, காலியான வாயில் சப்பணம் போட்டது. “அப்பாடா! இனி என்னை எவனாலும் அசைக்க முடியாது.”

மூங்கிலுக்குப் பொறுக்கவில்லை. “குச்சித் தம்பி, அடுத்த காயைச் சீக்கிரம் தள்ளிட்டு வாப்பா. காலையிலிருந்து இதையே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு!”